ஜார்ஜியா சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் மீன் காட்சியகம், மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு என்று ஒரு சுற்று கூட்டிப்போவது வழக்கம். அதோடு தங்க முலாம் பூசிய கூரை தெரியும் சட்டமன்றக் கட்டடத்தையும் சேர்த்துக்கொள்வேன். அங்கே போனதும் கேள்விகள் வரும். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும், தேர்தல் சமயத்தில் வாட்ஸ்அப் குழுவிலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"மாநிலச் சட்டமன்றம்னா நம்ம ஊர் எம்.எல்.ஏ. சபை மாதிரிதானே? வாஷிங்டன்ல இருக்கிறது வேறயா?"

வேறுதான். வாஷிங்டனில் இருப்பது நாட்டுக்கான காங்கிரஸ். ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றம் உண்டு. ஒபாமாகூட முதலில் இல்லினாய் மாநிலத்தின் செனட்டில்தான் 1997 முதல் 2004 வரை இருந்தார். ஜார்ஜியாவில் கீழவைக்கு 180 பேர், செனட்டுக்கு 56 பேர். எல்லோருக்கும் இரண்டே ஆண்டுப் பதவிக்காலம். 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 1 கோடியே 7 லட்சம். அதன்படி கீழவைத் தொகுதி ஒன்றுக்குச் சுமார் 60,000 பேர்தான் வருவார்கள். உறுப்பினரை மளிகைக் கடையில் பார்த்துப் பேசிவிடக்கூடிய அளவு.

நம் ஊரிலிருந்து இரண்டு வித்தியாசங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆளுநர் இங்கே மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் போல. அப்புறம், கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. சொந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டாலும் பதவி போகாது.

பள்ளிக்கு எவ்வளவு பணம், எது குற்றம், அதற்கு என்ன தண்டனை, எப்படி ஓட்டுப்போடுவது, தொகுதி எல்லை எங்கே ஓடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில் இருக்கிறது. கறுப்பின மக்களின் அன்றாட வாழ்க்கையை வாஷிங்டனைவிட இந்தக் கட்டடம்தான் அதிகம் தொடுகிறது. அதனால்தான் இங்கே யார் உட்காருவது என்பதில் 150 ஆண்டுகளுக்கு மேலாக இவ்வளவு சண்டை.

"இது முழுநேர வேலையா? சம்பளம் நிறைய இருக்குமே?"

இல்லை. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை தொடங்கி ஆண்டுக்கு 40 அவை நாட்கள் மட்டும். வார இறுதி, இடைவெளி எல்லாம் போக மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். சம்பளம் நெடுங்காலம் ஆண்டுக்குச் சுமார் 17,000 டாலராகவே இருந்தது. அதனால் வழக்கறிஞர், போதகர், சொந்தத் தொழில் செய்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதிரி ஆட்கள்தான் வர முடிகிறது. மூன்று மாதம் விடுப்பு தராத வேலையில் இருப்பவர், அவர் எவ்வளவு திறமைசாலியானாலும், நிற்கவே தயங்குவார். ஏழைகள் அதிகம் வாழும் தொகுதிகளுக்கு இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

"கிங் போராடி ஓட்டுரிமை வாங்கின பிறகுதானே இவங்க முதல்ல உள்ள வந்தாங்க?"

இதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் கறுப்பின உறுப்பினர்கள் வந்தது 1868-ல். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தேர்தலில் ஜார்ஜியாவில் 33 கறுப்பினத்தவர் ஜெயித்தார்கள். மூன்று பேர் செனட்டுக்கு, மற்றவர்கள் கீழவைக்கு. அவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்வரை இன்னொருவருடைய சொத்தாக எண்ணப்பட்டவர்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளையின உறுப்பினர்கள் சேர்ந்து அவர்களை வெளியேற்றினார்கள். அதற்குச் சொன்ன காரணம்: மாநில அரசியல் சட்டம் கறுப்பினத்தவருக்கு ஓட்டுப்போடும் உரிமை தந்திருக்கிறது, பதவி வகிக்கும் உரிமையை எங்கும் எழுதவில்லை. பார்வைக்கு வெள்ளையர் போலத் தெரிந்த ஒரு சிலரை மட்டும் விட்டுவைத்தார்கள். அதாவது தோலைப் பார்த்தே கணக்கெடுத்திருக்கிறார்கள்.

"வெளியே போன்னா பேசாம போயிட்டாங்களா?"

இல்லவே இல்லை. மேக்கன் நகரிலிருந்து வந்த ஹென்றி மெக்நீல் டர்னர் ஒரு போதகர். அதுவரை சமாதானமாகப் போகலாம் என்று நம்பியவர். செப்டம்பர் 3 அன்று அவையில் எழுந்து, என் உரிமையைக் கெஞ்சிக் கேட்க வரவில்லை, உரிமையோடு கேட்கவே வந்திருக்கிறேன் என்று பேசினார். வெளியேற்றப்பட்ட இன்னொருவரான பிலிப் ஜாய்னர் அதே மாதம் 19-ம் தேதி ஆல்பனியிலிருந்து கமில்லா என்ற சிற்றூருக்கு, பொதுக்கூட்டத்துக்காக, சில நூறு பேரோடு நடந்து போனார். அங்கே அவர்களைச் சுட்டார்கள். ஒரு டஜன் பேர்வரை செத்தார்கள்.

கிரீன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஏப்ரம் கோல்பியை நான் மறப்பதில்லை. பதவியை விட்டுவிட்டால் 2,500 டாலர் தருகிறோம் என்றார்களாம். இந்தக் கவுண்டியையே எழுதிக் கொடுத்தாலும் மாட்டேன் என்றிருக்கிறார். 1869 அக்டோபரில் ஒரு ராத்திரி வெள்ளையின வன்முறைக் கும்பலான கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் வீட்டுக் கதவை உடைத்து, அவரைக் காட்டுக்குள் இழுத்துப்போய் மணிக்கணக்கில் சாட்டையால் அடித்தார்கள். அப்பாவை விடச் சொல்லிக் கெஞ்சிய சின்ன மகளைத் துப்பாக்கியை நீட்டி மிரட்டினார்கள். அந்தப் பயத்திலிருந்து அவள் மீளவே இல்லை, கடைசியில் இறந்துபோனாள். இதையெல்லாம் அவரே நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் சொன்னார். நாளைக்குத் தேர்தல் வைத்தாலும் அதே ரிபப்ளிகன் கட்சிக்குத்தான் போடுவேன் என்றும் சொன்னார்.

1869-ல் மாநில உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவரும் பதவி வகிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வாஷிங்டனும் ராணுவத்தை வைத்து அழுத்தம் கொடுத்தது. 1870 ஜனவரியில் அவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் சீக்கிரமே பழைய ஆட்கள் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். கடற்கரையில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் மெக்கின்டாஷ் கவுண்டியின் டபிள்யூ.ஹெச். ராஜர்ஸ்தான் கடைசியாக மிஞ்சியவர். அவர் 1907-ல் வெளியேறினார். மறு ஆண்டே எழுத்தறிவுத் தேர்வு, சொத்து நிபந்தனை எல்லாம் கொண்டுவந்து ஓட்டுரிமையையும் பறித்தார்கள்.

"அப்போ அவங்க ரிபப்ளிகன், இப்போ எல்லாரும் டெமாக்ரட். எங்கே மாறிச்சு?"

அடிமை முறையை ஒழித்தது லிங்கனின் ரிபப்ளிகன் கட்சி. தெற்கில் பழைய எஜமானர்களின் கட்சி டெமாக்ரட். 1930-களில் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து கறுப்பின வாக்காளர்கள் மெல்ல மாறத் தொடங்கினார்கள். 1964-ல் டெமாக்ரட் அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்த ரிபப்ளிகன் வேட்பாளர் கோல்ட்வாட்டர் அந்த ஆண்டு ஜார்ஜியாவில் ஜெயித்தார். அதற்கு முன் எந்த ரிபப்ளிகனும் அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவை வென்றதில்லை. அதன் பிறகு வெள்ளையர்கள் அந்தப் பக்கமும் கறுப்பினத்தவர் இந்தப் பக்கமுமாகப் பிரிந்தது நிலைத்துவிட்டது.

"திரும்ப ஒருத்தர் உள்ள வர ஏன் 55 வருஷம் ஆச்சு?"

வழிகளை ஒவ்வொன்றாக அடைத்திருந்தார்கள். ஓட்டுப்போட வரி 1945 வரை இருந்தது. வெள்ளையர் மட்டுமே ஓட்டுப்போடும் உட்கட்சித் தேர்தல் 1946 வரை. எதிர்க்கட்சியே இல்லாத மாநிலத்தில் உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல். அதற்கும் மேலே தொகுதிக் கணக்கு. லட்சக்கணக்கில் மக்கள் வாழும் அட்லாண்டாவின் ஃபுல்டன் கவுண்டிக்கு ஒரே ஒரு செனட்டர். கிராமத்து வெள்ளையின நில உடைமையாளர்களின் பிடி அப்படித்தான் தளராமல் இருந்தது.

1962-ல் நீதிமன்றம் இந்தக் கணக்கை உடைத்தது. மக்கள்தொகைப்படி புதிய தொகுதிகள் வந்தன. அந்த நவம்பரிலேயே வழக்கறிஞர் லிராய் ஜான்சன் அட்லாண்டாவிலிருந்து செனட்டுக்கு ஜெயித்தார். ஜிம்மி கார்ட்டர் முதன்முதலாக செனட்டுக்குப் போனதும் அதே தேர்தலில்தான். ஓட்டுரிமைச் சட்டம் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஜான்சன் சத்தம் போடாமல் காரியம் சாதிப்பவர். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் முகமது அலியின் குத்துச்சண்டை உரிமத்தை 1967-ல் பறித்துவிட்டார்கள். எந்த மாநிலமும் அவருக்கு மேடை தரவில்லை. ஜார்ஜியாவில் குத்துச்சண்டையைக் கட்டுப்படுத்த மாநில ஆணையமே கிடையாது, நகராட்சி அனுமதித்தால் போதும் என்று ஜான்சன் கண்டுபிடித்தார். 1970 அக்டோபர் 26 அன்று அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியோடு மோதி அலி திரும்ப வந்தார். சட்டத்தில் எழுதாத வாசகத்தைக் காட்டி 1868-ல் கறுப்பின உறுப்பினர்களைத் துரத்திய அதே மாநிலம். எழுதாத வாசகத்தை வைத்தே ஒருவரைத் திரும்பக் கொண்டுவந்தார் ஜான்சன்.

"ஜூலியன் பாண்டை ஜெயிச்ச பிறகும் உட்காரவிடலையாமே, உண்மையா?"

உண்மை. 1965-ல் பாண்ட் உட்படப் பல கறுப்பினத்தவர் கீழவைக்கு ஜெயித்தார்கள். அவர்களில் கிரேஸ் டவுன்ஸ் ஹாமில்டன் ஜார்ஜியா சட்டமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண். பாண்டுக்கு வயது 25. மாணவர் போராட்ட இயக்கமான ஸ்னிக்கில் செய்தித் தொடர்பாளராக இருந்தார். 1966 ஜனவரி தொடக்கத்தில், முன்பு கடற்படையில் பணிபுரிந்திருந்த சாமி யங் என்ற கறுப்பின மாணவர், வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதற்காக அலபாமாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையொட்டி ஸ்னிக் இயக்கம் வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது. பாண்ட் அதை ஆதரித்தார்.

ஜனவரி 10 அன்று பதவியேற்கப் போனவரை, விசுவாசம் இல்லாதவர் என்று சொல்லி 184-க்கு 12 என்ற கணக்கில் கீழவை மறுத்துவிட்டது (அப்போது கீழவையில் இப்போதையதைவிட அதிகம் பேர்). மறுதேர்தல் வைத்தார்கள், தொகுதி மக்கள் அவரையே அனுப்பினார்கள். திரும்பவும் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1966 டிசம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, உறுப்பினருக்கும் பேச்சுரிமை உண்டு, அவரை ஏற்றே தீரவேண்டும் என்றார்கள். 1967 ஜனவரியில் உட்கார்ந்தவர் கீழவையும் செனட்டுமாக இருபது ஆண்டுகள் இருந்தார். அட்லாண்டாவுக்குக் கறுப்பினப் பெரும்பான்மை உள்ள நாடாளுமன்றத் தொகுதி அமையவேண்டும் என்று செனட்டில் போராடினார். 1986-ல் அந்தத் தொகுதியில் தானே நின்று, பழைய தோழர் ஜான் லூயிஸிடம் தோற்றார்.

"நம்ம ஊர்ல தனித்தொகுதி இருக்கிற மாதிரி இங்கேயும் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கீடு இருக்கா?"

இல்லை. தமிழ்நாட்டில் 234-ல் 44 தொகுதிகளில் பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கலாம். இங்கே எந்தத் தொகுதியிலும் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் 1965 ஓட்டுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, சிறுபான்மையினர் விரும்பும் வேட்பாளரை அவர்கள் ஜெயிக்கவைக்கவே முடியாதபடி எல்லை வரையக்கூடாது என்கிறது. ஒதுக்கீடு வேட்பாளருக்கு, இந்தப் பாதுகாப்பு வாக்காளருக்கு. இதை வைத்து நடக்கும் சண்டையைக் கீழே எல்லை வரைவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"பிளாக் காகஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, அது கட்சியா?"

கட்சி அல்ல. சட்டமன்றத்துக்குள் கறுப்பின உறுப்பினர்கள் சேர்ந்து இயங்கும் குழு. எந்த மசோதாவுக்கு எல்லோரும் சேர்ந்து நிற்பது, வரவு செலவுத் திட்டத்தில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு என்ன கேட்பது, புதிதாக வந்தவருக்கு யார் வழிகாட்டுவது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். ஜார்ஜியாவின் குழு நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. மாநில மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். சட்டமன்றத்திலும் இன்று நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். 2025-ல் இரண்டு அவைகளிலும் டெமாக்ரட் தலைவர்கள் கறுப்பினத்தவர்: கீழவையில் கேரலின் ஹியூக்லி, செனட்டில் ஹெரால்ட் ஜோன்ஸ்.

"எதிர்க்கட்சியிலேயே உட்கார்ந்திருக்காங்க. என்ன பெரிசா சாதிச்சிட முடியும்?"

செனட் 2003-லிருந்தும் கீழவை 2005-லிருந்தும் ரிபப்ளிகன் கையில். எதிர்க்கட்சியின் மசோதா குழுவிலேயே தூங்கிவிடும். அதனால் பழுத்த உறுப்பினர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மசோதாவின் முதல் பெயர் ஆளுங்கட்சிக்காரருடையதாக இருக்கட்டும், வேலை நடந்தால் போதும்.

வெறுப்புக் குற்றச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவின் கறுப்பின செனட்டர் வின்சென்ட் ஃபோர்ட் பாடுபட்டு 2000-ல் ஒன்றைக் கொண்டுவந்தார். தெளிவில்லை என்று 2004-ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. 2019-ல் ரிபப்ளிகன் உறுப்பினர் சக் எஃப்ஸ்ட்ரேஷன் பெயரில் வந்த மசோதாவுக்குப் பின்னால், 1975-லிருந்து கீழவையில் இருந்த கொலம்பஸ் நகரத்துக் கால்வின் ஸ்மைர் நின்றார். கீழவை தாண்டிய மசோதா செனட்டில் ஓராண்டுக்கு மேல் கிடந்தது. 2020 பிப்ரவரி 23 அன்று பிரன்ஸ்விக் அருகே ஓட்டப்பயிற்சிக்குப் போன 25 வயது அமோட் ஆர்பரியை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் துரத்தினார்கள், ஒருவர் சுட்டுக் கொன்றார். இரண்டு மாதத்துக்கு மேல் ஒருவரும் கைதாகவில்லை. மே மாதம் காணொளி வெளியானதும்தான் நாடு கொந்தளித்தது. கொரோனாவால் நின்றிருந்த கூட்டத்தொடர் ஜூனில் மறுபடி கூடியபோது மசோதா செனட்டில் 47-6, கீழவையில் 127-38 என்று நிறைவேறியது. ஜூன் 26 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். மசோதா வெளியே வந்தது ஓர் இளைஞன் செத்த பிறகுதான். இதை வெற்றி என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

மறு ஆண்டு, பொதுமக்களே கைது செய்யலாம் என்ற 1863-ம் ஆண்டுச் சட்டம். ஆர்பரியைக் கொன்றவர்களைக் காப்பாற்ற முதலில் இதைத்தான் காட்டினார்கள். சவானா பக்கத்துக் கறுப்பின உறுப்பினர் கார்ல் கில்லியர்ட் அதை நீக்கவேண்டும் என்று பாடுபட்டார். இந்த முறையும் மசோதா ஆளுங்கட்சி உறுப்பினர் பெயரில்தான் வந்தது. கீழவையில் ஓர் எதிர்ப்பு ஓட்டுகூட விழவில்லை. 2021 மே 10 அன்று சட்டமானது.

"சரி, இவங்க கட்சி ஆட்சியில இருந்தப்போ மட்டும் என்ன செஞ்சாங்க?"

இரண்டைச் சொல்கிறேன். ஜார்ஜியா கொடியில் 1956-லிருந்து, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி இருந்தது. அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் சின்னம் அது. பல ஆண்டுகள் அதை எதிர்த்த கறுப்பின உறுப்பினர்கள், ஆளுநர் ராய் பார்ன்ஸோடு சேர்ந்து 2001 ஜனவரியில் மாற்றினார்கள். கீழவையில் 94-82. அடுத்த தேர்தலில் பார்ன்ஸ் தோற்றதற்கு அந்தக் கொடியும் ஒரு காரணம்.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று வீட்டுக்கடன் சட்டம். கறுப்பினக் குடும்பங்கள் வாழும் தெருக்களில், வீட்டை அடகு வைக்கும் வயதானவர்களுக்கு ஏமாற்று வட்டியில் கடன் கொடுத்து வீட்டையே பறிக்கும் தொழில் நடந்துகொண்டிருந்தது. வின்சென்ட் ஃபோர்ட் முன்னின்று போராடி 2002-ல் கடுமையான சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி: கடனை யார் விலைக்கு வாங்கினாலும், முதலில் கொடுத்தவர் செய்த மோசடிக்கு அவரும் பொறுப்பு. 2003 தொடக்கத்தில், கடன் பத்திரங்களுக்குத் தரம் போடும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம், இப்படிப்பட்ட ஜார்ஜியா கடன்களுக்குத் தரமதிப்பீடு தரமாட்டோம் என்றது. கடன் நிறுவனங்கள் வெளியேறுவதாக மிரட்டின. புதிய ஆளுநர் வந்த சில வாரங்களில் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து அட்லாண்டாவின் கறுப்பினப் பகுதிகளில் வரிசையாக வீடுகள் பறிபோய்ப் பூட்டிக் கிடந்தன. அந்தச் சட்டம் இருந்தபடியே இருந்திருந்தால் எத்தனை கூரைகள் தப்பியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"இப்போ எதுக்காகப் போராடறாங்க?"

மருத்துவம் முதலில் வரும். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை வாஷிங்டன் சட்டம் அனுமதித்த அளவுக்கு ஜார்ஜியா விரிக்கவில்லை. அதை விரிக்கச் சொல்லி ஆண்டுதோறும் மசோதா போடுகிறார்கள். பிரசவத்தில் இறக்கும் கறுப்பினத் தாய்மார் வெள்ளையினத் தாய்மாரைவிட வெகு அதிகம். பிரசவத்துக்குப் பின் இரண்டு மாதத்தில் நின்றுபோன காப்பீடு 2020-ல் ஆறு மாதமாகவும் 2022-ல் ஓராண்டாகவும் கூடியது. இதில் இரு கட்சியும் சேர்ந்து நின்றன. சுருள் முடி, பின்னல் போன்ற இயல்பான சிகையை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை, கறுப்பின செனட்டர் ஹோலி மிட்செல் முயற்சியில் 2019-ல் கலிஃபோர்னியா முதலில் இயற்றியது. ஜார்ஜியாவிலும் அது பலமுறை மசோதாவாக வந்திருக்கிறது.

"கறுப்பின உறுப்பினர்னா எல்லாரும் ஒரே பக்கம்தான் ஓட்டுப் போடுவாங்க, இல்லையா?"

பெரும்பாலும் சேர்ந்து போவார்கள். ஆனால் ஒரே அச்சு அல்ல. வார்னர் ராபின்ஸ் நகரின் வில்லி டால்டன் 2004-ல் ரிபப்ளிகனாகவே ஜெயித்தார். வெர்னன் ஜோன்ஸ் 2021-ல் கட்சி மாறினார். 2011-ல் ஹோப் கல்வி உதவித்தொகையை வெட்டியபோது, கீழவை டெமாக்ரட் தலைவராக இருந்த ஸ்டேசி ஏப்ரம்ஸ் முழுக்க எதிர்க்காமல் ஆளுநரோடு பேரம் பேசி முடிந்ததை மீட்டார். அவர் கட்சிக்குள்ளேயே அதற்காகக் கோபப்பட்டவர்கள் உண்டு.

"கறுப்பின வாக்காளர்களை ஒரே தொகுதியில சேர்த்து வரைஞ்சா அவங்களுக்கு நல்லதுதானே? அதை ஏன் எதிர்க்கிறாங்க?"

கேள்விகளிலேயே சிக்கலானது இதுதான். ஒரு தொகுதியில் 80 சதவீதம் கறுப்பினத்தவரைத் திணித்தால் ஒருவர் நிச்சயம் ஜெயிப்பார். ஆனால் 50 சொச்சம் போதும் என்ற இடத்தில் மீதி 30 சதவீத ஓட்டு வீண். பக்கத்துத் தொகுதிகள் வெள்ளையாகிவிடும். மாறாக நாலாபக்கமும் பிரித்துத் தூவினால் எங்குமே ஜெயிக்க முடியாது. திணிப்பதும் கேடு, தூவுவதும் கேடு.

2001-ல் நடந்ததைப் பாருங்கள். செனட்டில் தங்கள் கட்சியின் பெரும்பான்மையைக் காக்க, கறுப்பின செனட்டர்களே தங்கள் தொகுதிகளில் கறுப்பின வாக்காளர் விகிதத்தைக் குறைக்கச் சம்மதித்தார்கள். 11 பேரில் 10 பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். பத்திரமான நாற்காலியைவிட ஆளுங்கட்சியாக இருப்பது மக்களுக்கு நல்லது என்று கணக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2003-ல் 5-4 என்று அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஆனால் அதற்குள் 2002 தேர்தலும் அதன் பிறகான கட்சித் தாவலும் செனட்டைக் கொண்டுபோய்விட்டன. முதல் பதிலில் தாவல் தடைச் சட்டம் இல்லை என்றேனே, அது கடித்த இடம் இது. அவர்கள் கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கையில் இருந்ததை விட்டுக்கொடுக்கத் துணிந்தார்கள், அவ்வளவுதான்.

2021-ல் வரைந்த எல்லைகள் ஓட்டுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை மீறுகின்றன என்று 2023 அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதிகள் கீழவையில் ஐந்து, செனட்டில் இரண்டு, நாடாளுமன்றத்துக்கு ஒன்று கூடுதலாக வேண்டும் என்றார். நவம்பர் கடைசியில் சிறப்புக் கூட்டம் தொடங்கி டிசம்பரில் மறுபடி வரைந்தார்கள்.

"இவங்கள்லயும் ஊழல் பண்ணினவங்க இருக்காங்கதானே?"

இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஜார்ஜியா செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான முதல் கறுப்பினத்தவர் ஆகஸ்டாவின் சார்லஸ் வாக்கர். 2005-ல் ஊழல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றார். சிவில் உரிமைப் போராட்டத்தில் ஊறிய டைரோன் புரூக்ஸ் 2015-ல் வரி மோசடியை ஒப்புக்கொண்டார். நம்பியவர்களுக்கு அது வலி. அதை வைத்து எல்லோரையும் அளப்பவர்கள் வெள்ளையின உறுப்பினர் சிறை போகும்போது அப்படி அளப்பதில்லை.

"1868-ல நடந்த மாதிரி இப்பவும் ஒருத்தரை வெளியேத்த முடியுமா?"

பக்கத்து மாநிலத்திலேயே நடந்தது. 2023 மார்ச் 27 அன்று நாஷ்வில் பள்ளியொன்றில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிச் சட்டம் கேட்டு டென்னசி கீழவையில் மூன்று உறுப்பினர்கள் முழக்கமிட்டார்கள். ஏப்ரல் 6 அன்று கறுப்பின இளைஞர்களான ஜஸ்டின் ஜோன்ஸையும் ஜஸ்டின் பியர்சனையும் வெளியேற்றினார்கள். மூன்றாமவரான வெள்ளையினப் பெண் குளோரியா ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார். ஒரு வாரத்துக்குள் அவரவர் உள்ளாட்சி மன்றங்கள் இருவரையும் திருப்பி அனுப்பின. ஆகஸ்டில் இருவரும் தேர்தலிலும் ஜெயித்தார்கள்.

ஜார்ஜியாவில் 2021 மார்ச் 25 அன்று, தபால் ஓட்டுக்கும் அதைக் கொண்டுவந்து போடும் பெட்டிகளுக்கும் கட்டுப்பாடு போட்ட சட்டத்தில் ஆளுநர் மூடிய அறைக்குள் கையெழுத்திட்டார். கதவைத் தட்டிய கறுப்பின உறுப்பினர் பார்க் கேனனைக் காவலர்கள் விலங்கிட்டு இழுத்துப் போனார்கள். வழக்குத் தொடர மாவட்ட அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார்.

"எங்க தொகுதி உறுப்பினர் ஒரு கறுப்பின அம்மா. நாம இந்தியர்கள். நம்ம பிரச்சினையைக் கேட்பாங்களா?"

கேட்பார்கள் அக்கா, தயங்காமல் கூப்பிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் காகிதம் ஓர் அரசு அலுவலகத்தில் மாதக்கணக்கில் சிக்கிக்கிடந்தது. நாங்களே எத்தனை முறை தொலைபேசியில் காத்திருந்தும் பயனில்லை. தொகுதி உறுப்பினருக்கு மின்னஞ்சல் போட்டோம். மறுநாள் காலை அவரே பேசினார். எந்தத் தேதியில் என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார், பெயரைத் தப்பாக உச்சரித்துவிடக்கூடாது என்று இரண்டு முறை சொல்லிப்பார்த்தார். பத்து நாளில் வேலை முடிந்தது. அவருக்கு ஓட்டுப்போட முடியாத நிலையில் இருந்த குடும்பம் அது, கிரீன் கார்டுகூட அப்போது வரவில்லை. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"நேர்ல போய்ப் பார்க்க முடியுமா?"

முடியும், கட்டணம் இல்லை. அடையாள அட்டை எடுத்துப்போங்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போனால் அவை நடப்பதை நான்காம் மாடி மாடத்திலிருந்து பார்க்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது மூன்றாம் மாடி. அவைக் கதவுக்கு வெளியே கயிறு கட்டியிருப்பார்கள். அதற்கு இந்தப் பக்கம் தொழில் நிறுவனங்களின் ஆட்களும், மனு கொண்டுவந்த பாட்டிமாரும், சக்கர நாற்காலியில் வந்தவர்களும் நெருக்கியடித்து நிற்பார்கள். ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயரையும் உறுப்பினர் பெயரையும் எழுதிக் கொடுத்தால், பள்ளிப் பிள்ளை ஒருவர் உள்ளே எடுத்துப்போவார். பலமுறை உறுப்பினர் எழுந்து வந்துவிடுவார்.

திரும்பும்போது வளாகத்தில் ஜான் ரிடில் செய்த சிற்பத்தைப் பாருங்கள். கறுப்பின உறுப்பினர் குழு 1970-களில் வைக்கச் செய்தது. நிறத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் என்பது அதன் பெயர். கிங்கின் வெண்கலச் சிலையும் அதே வளாகத்தில்தான். 2017 ஆகஸ்ட் 28 அன்று திறந்தார்கள், ஸ்மைர் அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார். கிங் சிலைக்கு முன்னால் படம் எடுக்க எப்போதும் கூட்டம் இருக்கும். ரிடிலின் சிற்பத்துக்கு முன்னால் பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள், நின்று நிதானமாகப் பார்க்கலாம்.